கத்திரி வெயிலில் ஓடும் ப்ராசஸர்

கணினியின் வேகத்தைக் கூட்டச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதப்படுபவை. வெப்பநிலை 85-க்குக் கீழே நின்றால் கவலையில்லை என்று அவற்றில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி, உத்திரமேரூர் பக்கம் பெருநகரில், சிமென்ட் ஷீட் கூரை போட்ட கடையில், மே மாதப் பிற்பகலில் அதே வேலையைச் செய்தால் கணக்கு உதைக்கும். வழிகாட்டியில் தவறில்லை. அதை எழுதியவருக்குக் கத்திரி வெயில் தெரியாது, அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில் இருக்கிறது பெருநகர். பிரம்மபுரீஸ்வரர் கோயிலும், தைப்பூசத்தின்போது சுற்றுவட்டாரச் சாமிகள் செய்யாற்றில் வந்து கூடும் திருவிழாவும் ஊரின் அடையாளங்கள். இப்படிப்பட்ட சாலையோர ஊர்களில் இன்று கணினி இல்லாமல் நடக்கிற வேலை குறைவு. இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. கல்யாண ஸ்டூடியோவில் வீடியோ எடிட்டிங், காஞ்சிப் பட்டுக்கு டிசைன் போடுகிறவர்களின் வரைகலை, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ராத்திரி கேம் எல்லாம் அதில்தான். இதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் நிறுவனத்தின் கணினி ஆலை இயங்குகிறது. கணினி செய்து அனுப்புகிற மாவட்டம் இது. அந்தக் கணினியை இந்த மாவட்டத்து வெயிலில் எப்படி ஓட்டுவது என்பதற்கு மட்டும் தமிழில் சரியான கையேடு இல்லை.

முகூர்த்த மாதங்களில் ஒரு ஸ்டூடியோவை நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டால் ப்ராசஸர் மணிக்கணக்கில் முழு மூச்சாக ஓடும். புது மெஷின் வாங்கப் பணமில்லை. அப்போதுதான் யாராவது ஒரு பையன் சொல்வான்: “அண்ணே, ஓவர்கிளாக் பண்ணா வேகமா முடியும்ணே.” அவன் சொல்வது உண்மைதான். எவ்வளவு உண்மை, எந்த எல்லைவரை உண்மை என்பதைப் பார்க்க வேண்டும்.

வேகத்தின் விலை வெப்பம்

ப்ராசஸருக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். ப்ராசஸர் அதை ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கும் எண் 45 என்றால் வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அந்த எண்ணைக் கம்பெனி வைத்த அளவுக்கு மேலே ஏற்றுவதுதான் ஓவர்கிளாக். ஓரளவுக்கு மேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களால் அந்தத் துடிப்புக்கு ஈடுகொடுக்க முடியாது. ஈடுகொடுக்க வைக்க வோல்டேஜைக் கூட்ட வேண்டும். சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

ப்ராசஸர் உறிஞ்சும் மின்திறன் வேகத்தின் நேர் விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜின் இருமடி (வர்க்க) விகிதத்திலோ ஏறுகிறது. வேகத்தை 10 சதவீதமும் அதற்காக வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால், மின்திறன் 33 சதவீதம் கூடிவிடும். உறிஞ்சிய மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

இதை நம் ஊர் வெயிலோடு சேர்த்துக் கணக்குப் போடுவோம். ஒரு கூலர், 120 வாட் வெப்பத்தை வெளியேற்றும்போது ப்ராசஸரை அறையைவிட 50 டிகிரி கூடுதலாக வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை 22 டிகிரி என்றால் ப்ராசஸர் 72. மேலே சொன்னபடி ஓவர்கிளாக் செய்தால் 120 வாட் 160 வாட் ஆகும். 50 டிகிரி ஏற்றம் 66-ஐத் தாண்டும். 22 டிகிரி அறையில் அது 88-க்குச் சற்று மேலே. வழிகாட்டி எழுதியவர் ஃபேனைக் கொஞ்சம் வேகப்படுத்திவிட்டுச் சமாளிக்கலாம். அதே கூலரை 38 டிகிரி கடையில் வையுங்கள். ஓவர்கிளாக் செய்யாமலே 88. செய்தால் 104. இன்டெலின் பல டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு 100 டிகிரியும், ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரியும்தான் உச்ச வரம்பு. சென்னையில் 2003 மே இறுதியில் 45 டிகிரி பதிவானதை நினைவில் வைத்துக்கொண்டால், 38 டிகிரி அறை என்பது மிகையான கற்பனை இல்லை. மேசைக்கு அடியில் மரக்கதவு போட்ட பெட்டிக்குள் கேபினெட்டை அடைத்து வைத்திருக்கும் கடைகளில், ப்ராசஸர் சுவாசிக்கும் காற்று அறையைவிடவும் சூடாக இருக்கும்.

வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் எரிந்துவிடாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்டில் ஆகிறது என்கிறார்கள். அளந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாமல் போவது இதுதான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) 5 கிகாஹெர்ட்ஸ் என்று அமைத்திருப்பார்கள், ரெண்டர் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மெஷின் 4-க்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி அமைப்பிலேயே விட்டிருந்தால் சீராக 4.4-ல் ஓடி முன்னதாகவே வேலை முடிந்திருக்கும். கோடை மதியத்தில் கண்மூடித்தனமாகச் செய்யும் ஓவர்கிளாக், மெஷினை மெதுவாக்கும் வேலையாக முடியலாம்.

300 மெகாஹெர்ட்ஸ் காலத்துப் பாடம் இன்று செல்லாது

ஓவர்கிளாக்கின் புகழ் முழுவதும் ஒரு காலத்தில் சம்பாதித்தது. 1998-ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ விலை குறைந்த ப்ராசஸர். அதன் பெருக்கும் எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் 450-ல் ஓடியது. பாதிக்குப் பாதி லாபம். பல மடங்கு விலை கொடுத்து பென்டியம் 2 வாங்கியவர்களுக்கு இணையாக அது நின்றது. மறைத்து வைத்த திறனை வெளியே எடுக்கிறோம் என்கிற எண்ணம் அப்போது வேரூன்றியது.

அன்று கம்பெனிகள் நிறைய இடம் விட்டுவைத்திருந்தன. புனேயில் பிறந்த வினோத் தாம் முன்னின்று உருவாக்கிய முதல் பென்டியம் 1993-ல் வந்தபோது 16 வாட்டைச் சூடு என்று சொன்னார்கள். 2022-ல் வந்த கோர் ஐ9-13900கே ப்ராசஸருக்கு இன்டெலே விதித்த உச்ச அளவு 253 வாட். இடையில் கம்பெனிகள் மிச்சமிருந்த இடத்தையெல்லாம் தாமே எடுத்துக்கொண்டன. 2008 முதல் இன்டெலின் டர்போ பூஸ்டும், அதன் பிறகு ஏஎம்டியின் அதே வகை ஏற்பாடும், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை வேகத்தைத் தாமாகவே ஏற்றிக்கொள்கின்றன. இன்றைய ப்ராசஸர் கடையிலிருந்து வரும்போதே ஓவர்கிளாக் ஆகித்தான் வருகிறது. அதற்கு மேல் நாம் கையால் எடுப்பது பெரும்பாலும் ஐந்து, பத்து சதவீதம். இன்டெலில் அதற்கும் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்து உள்ள மாடலும் ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன்கள் பூட்டில்லாமல் வருகின்றன.

உலக சாதனைகள் வேறு உலகம். 2022 டிசம்பரில் ஐ9-13900கே ப்ராசஸரை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டியவர் எல்மோர் என்ற பெயரில் அறியப்படும் ஸ்வீடன்காரர். அதற்கு அவர் பயன்படுத்தியது திரவ ஹீலியம், கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி. சில நொடிகளுக்கான சாகசம் அது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஐஸ் தண்ணீரைக் கூலரில் ஓடவிடும் விபரீதத்தில் யாரும் இறங்க வேண்டாம். நம் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த குழாயில் வியர்த்து மதர்போர்டில் சொட்டும்.

கம்பெனிகளே சறுக்கிய ஆண்டுகள்

“கம்பெனிக்குத் தெரியாதா, இவ்வளவு வோல்டேஜ் தாங்கும்னுதானே வச்சிருக்கான்” என்று ஒரு வாதம் உண்டு. அண்மையில் நடந்த இரண்டு சம்பவங்கள் அதற்கு நேர் எதிரான பாடம் சொல்கின்றன.

2023 ஏப்ரலில் ஏஎம்டி ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. மெமரியை வேகப்படுத்தும் எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்ததும், மதர்போர்டுகள் ப்ராசஸரின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் கொடுத்ததுதான் காரணம். அந்த வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி வரம்பு கட்டி, புதிய பயாஸ் வெளியிடச் செய்தது. பலருக்கு மெமரியின் எக்ஸ்போவும், அதற்கு இணையான இன்டெலின் எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்கில் சேரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஆண்டு இன்டெலின் முறை. 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசஸர்கள் கேம் நடுவே நின்றுபோவதும், ஃபைல் விரிக்கும்போது பிழை காட்டுவதும் தொடர்ந்தன. வோல்டேஜும் வெப்பமும் மிகும்போது உள்ளிருக்கும் ஒரு சுற்று நாள்பட மூப்படைந்துவிடுகிறது என்று 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ப்ராசஸர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி திருத்தம் வெளியிட்டது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே சேதமான ப்ராசஸரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. உங்களிடம் அந்தத் தலைமுறை மெஷின் இருந்தால், ஓவர்கிளாக் பற்றி யோசிக்கும் முன் பயாஸைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இது கட்டாயம்.

ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கும் கம்பெனிகளுக்கே வோல்டேஜ் கணக்கு தவறியிருக்கிறது. அளவுமானி இல்லாமல் நாம் கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள்.

அளப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

வேகத்தைத் தொடும் முன் இன்றைய நிலையை அளக்க வேண்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் இருக்கிறது. அறையில் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் மாட்டுங்கள். இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் நம் ஊரில் இதுதான் முதல் கருவி என்று நான் உறுதியாகச் சொல்வேன். பிறகு சினிபெஞ்ச், ஓசிசிடி போன்ற சுமைச் சோதனை மென்பொருளையோ உங்களுடைய சொந்த வீடியோ ரெண்டர் ஒன்றையோ அரைமணி நேரம் ஓடவிட்டு, ப்ராசஸர் வெப்பநிலையின் உச்சத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து அறை வெப்பநிலையைக் கழியுங்கள். வருகிற எண்தான் உங்கள் மெஷினின் உண்மையான எண். கூலரும் சுமையும் மாறாதவரை, மார்கழியானாலும் சித்திரையானாலும் அந்த எண் பெரிதாக மாறாது. மாறுவது அறை மட்டும்தான்.

அதை வைத்து எல்லை வகுக்கலாம். கத்திரியில் உங்கள் அறை 40 டிகிரியைத் தொடும் என்று வையுங்கள். அப்போதும் ப்ராசஸர் 85-ஐத் தாண்டக் கூடாது என்று நீங்கள் முடிவு செய்தால், ஏற்றத்துக்கு உங்களிடம் இருப்பது 45 டிகிரி. தை மாதத்தில் 27 டிகிரி அறையில் சோதிக்கிறீர்களா? 72-ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். 85 வரை இடம் இருக்கிறதே என்று தையில் ஏற்றிவைத்தால் அந்த வேகம் சித்திரையில் நிற்காது. வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றி நம் ஊரில் நடக்கும் தவறுகளில் பல இந்த ஒரு கழித்தலைச் செய்யாததால் வருபவை.

சென்சார் காட்டும் எண்ணையும் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். இன்டெல் ப்ராசஸரில் உள்ள சென்சார் அடிப்படையில் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்பதைத்தான் அளக்கிறது. அதனால் வரம்புக்குப் பக்கத்தில் துல்லியமாகவும், சும்மா இருக்கும்போது சற்றுத் தளர்வாகவும் இருக்கும். 2017-ல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் மாடல்கள் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக உண்மை வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டியே காட்டின. அதைப் பார்த்து அப்போது பதறியவர்கள் உண்டு. இன்னும் முக்கியமானது, வெப்பத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஒவ்வொரு கோரின் உண்மை வேகம், த்ராட்டில் ஆனதா என்ற குறிப்பு, வோல்டேஜ், மதர்போர்டில் ப்ராசஸருக்கு வேண்டிய வோல்டேஜைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின் சூடு, இத்தனையையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘டபிள்யூஹெச்இஏ’ (WHEA) என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் பதிவாகும். மெஷின் ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை, ஆனால் அங்கே பிழைகள் விழுகின்றன என்றால் உங்கள் வேகம் நிலையானது இல்லை.

ஹேங் ஆகும் மெஷின் பரவாயில்லை, அது எச்சரிக்கிறது. ஹேங் ஆகாமல் தவறாகக் கணக்குப் போடும் மெஷின்தான் கொடியது. ரெண்டரில் ஒரு பிக்சல் கெட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஃபைலைக் காப்பி செய்யும்போது ஒரு பிட் மாறினால், ஒருவர் வீட்டுத் தாலிகட்டு காட்சி திறக்காமலே போகலாம். அந்த முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாது. ஓவர்கிளாக் சோதனை நடக்கும் மெஷினில் வாடிக்கையாளரின் ஒரே காப்பி இருக்கவே கூடாது.

ஏற்றும்போது ஒரு படி, ஒரு படியாகத்தான். பெருக்கும் எண்ணில் ஒன்று கூட்டி, அரைமணி நேரம் சுமை கொடுத்து, எழுதிக்கொண்டு, பிறகு அடுத்தது. வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டால் பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் வாரிக் கொடுக்கும், எனவே அதைக் கண்காணித்து நாமே வரம்பு வைக்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு ப்ராசஸர் வாங்கினாலும் இரண்டும் ஒரே அளவு தாங்காது. நண்பன் மெஷினில் நின்ற எண்ணை உங்கள் மெஷினில் அடித்துப் பார்க்காதீர்கள். வேகத்தைக் கூட்டுவது கம்பெனி வாரண்டிக்கு வெளியே போகிற செயல் என்பதும் நினைவில் இருக்கட்டும். லேப்டாப்பில் இந்த வேலையே வேண்டாம். 2011 முதல் அரசு தந்த இலவச லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்குத் தேவை தூசு நீக்கமும் எஸ்எஸ்டியும்தான்.

தூசும் கரண்டும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலை, அறுப்புக் காலத்துக் களம் இரண்டும் தூசியைக் கொண்டுவந்து ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அடைக்கின்றன. கேபினெட்டுக்குள் பல்லியும் எறும்பும் குடியிருப்பது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லும் கதை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் நாளில் பக்கத் தகட்டைக் கழற்றி ஒருமுறை, கத்திரி தொடங்கும் முன் இன்னொருமுறை ப்ளோயர் அடியுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமாகச் சுழன்று பேரிங் கெடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, கடலைப் பருப்பு அளவு புதிதாக வைத்தால், சில மெஷின்களில் ஓவர்கிளாக் தரும் பலனைவிட அதிகம் கிடைக்கும். புதுக் கூலர் மாட்டும்போது அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள்.

மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஊரில் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் போகும், வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். மலிவானது தாங்காது, கெடும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கடைகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் உண்மையில் தருவது 360 வாட் அளவுதான். ஓவர்கிளாக் செய்த ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போன நொடியிலேயே யூபிஎஸ்ஸும் கைவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எதிர்த்திசையில் ஒரு வழி

நம் வெயிலுக்கு நான் பரிந்துரைப்பது ஓவர்கிளாக்குக்கு எதிர்த்திசையில் போகிற அண்டர்வோல்ட். வோல்டேஜின் இருமடியில் மின்திறன் ஏறுகிறது என்றால், இறக்கும்போதும் அதே விதிதான். 5 சதவீதம் வோல்டேஜைக் குறைத்தால் மின்திறன் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். கம்பெனிகள் எல்லா ப்ராசஸருக்கும் பொதுவாகச் சற்றுக் கூடுதல் வோல்டேஜ் வைத்து அனுப்புவதால், பலவற்றில் வேகம் குறையாமலே இதைச் செய்ய முடிகிறது. வெப்பத்தால் மட்டுப்பட்டிருந்த மெஷின், குளிர்ந்ததும் டர்போ வேகத்தில் நீண்ட நேரம் நிற்கும். ரெண்டர் சீக்கிரம் முடியும், கரண்ட் பில்லும் குறையும். ரைசன் 5000 வரிசை முதல் இதற்கென்றே கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி பயாஸில் இருக்கிறது. புதிய ரைசன்களில் ஈகோ மோட் மூலம் வாட் வரம்பையே இறக்கிவிடலாம். இன்டெலில் மதர்போர்டைப் பொறுத்தது. 2019-ல் பிளன்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல லேப்டாப்களில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அளவுக்கு மீறி இறக்கினாலும் கணக்குப் பிழைகள் வரும் என்பதால், மேலே சொன்ன அரைமணி நேரச் சோதனையும் பிழைப் பதிவைப் பார்ப்பதும் இதற்கும் உண்டு.

ஏசி அறையில், நல்ல கூலரும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்து, பூட்டில்லாத ப்ராசஸரில், அளந்து அளந்து ஏற்றுகிறவர்களை நான் தடுக்கவில்லை. அவர்கள் கற்றுக்கொள்வது அதிகம், அந்த ஆர்வம் மதிப்புள்ளது. பிழைப்புக்காகக் கணினி ஓட்டும் கடைக்காரர் முதலில் எஸ்எஸ்டி போடட்டும், ராமைக் கூட்டட்டும், கூலரை மாற்றட்டும், அண்டர்வோல்ட் செய்யட்டும். அதற்குப் பிறகும் வேகம் போதாவிட்டால் பெருக்கும் எண்ணைத் தொடலாம்.

இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, கடையில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது, உங்கள் மெஷினுக்கு அரைமணி நேரம் சுமை கொடுங்கள். தேதி, அறை வெப்பநிலை, ப்ராசஸரின் உச்ச வெப்பநிலை, வேகம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அதே சுமை கொடுத்து அளந்து அடுத்த வரியை எழுதுங்கள். இரண்டு வெப்பநிலைகளுக்கும் இடையிலான இடைவெளி கூடிக்கொண்டே போனால், ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.